தெருவைப் படித்த செவிலித்தாய்: விவியன் மையரின் நாளும் கருவியும்

தெரு எல்லார்க்கும் பொது. செல்வரும் வறியரும், முதியோரும் சிறாரும், விரைந்து செல்வோரும் போக்கிடமற்றோரும் ஒருங்கே நடக்கும் இடம் அதுவே. படம் எடுப்பிக்க வேண்டிப் படப்பிடிப்பு நிலையத்துக்குச் செல்பவர் ஆடை திருத்தி, முடி வாரி, முகத்திலே ஒரு புன்னகையையும் வருவித்துக்கொண்டு அமர்கின்றார். அவரே தெருவில் நடக்கும்போது தம்மை மறந்து, தம் எண்ணத்தின் வழியே செல்கின்றார். முன்னதிற் காணப்படுவது அவர் பிறர்க்குக் காட்ட விரும்பும் முகம். பின்னதிற் காணப்படுவது அவருடைய இயல்பான முகம். அவ்வியல்பான முகத்தை, ஒப்பனையும் ஒழுங்குபடுத்தலுமின்றி, அது தோன்றிய கணத்திலேயே பதிவு செய்ய முயல்வது தெருப் படக்கலையாகும்.

இக்கலை கருவியின் வளர்ச்சியோடு பிணைந்து வளர்ந்தது. 1838 ஆம் ஆண்டிற் பரிஸ் நகரத்திலே லூயி டகேர் என்பவர் உயர்ந்ததோர் சாளரத்தினின்றும் தம்பிள் வீதியைப் படமாக்கினார். சந்தடி மிக்க அவ்வீதி படத்திலே ஆளரவமற்றுக் காணப்படுகின்றது. ஒளி தகட்டிற் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையின், அசைந்தவை யாவும் மறைந்தொழிந்தன. சப்பாத்து மினுக்குவிப்பதற்காக ஓரிடத்திலே நின்றார் எனக் கருதப்படும் ஒருவரது உருவமே தெளிவாக எஞ்சியது. தெருவின் உயிராகிய நடமாட்டத்தை அக்காலக் கருவியாற் பற்ற முடியவில்லை.

பின்னர் யூஜீன் அத்ஷே என்பவர் மரத்தாலான பெரிய கமராவையும், 18 சதமமீற்றர் அகலமும் 24 சதமமீற்றர் நீளமுமுடைய கண்ணாடித் தகடுகளையும், முக்காலியையும் சுமந்துகொண்டு பழைய பரிசின் தெருக்களையும் கடைமுகப்புக்களையும் படமாக்கினார். அவர் 1927 இல் மறைந்தார். அவர் மறைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1925 இலே, ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரத்து லைற்ஸ் நிறுவனம் லைக்கா என்னுஞ் சிறு கமராவை விற்பனைக்கு விட்டது. அதனைச் சட்டைப்பையில் இட்டுச் செல்லலாம். ஒரே சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். பிரான்சு நாட்டு ஹென்றி கார்த்தியே-பிறெசொன் அக்கருவியின் மினுங்கும் பாகங்களைக் கரிய நாடாவால் மறைத்துக்கொண்டு, கூட்டத்தினுட் கூட்டமாய்க் கலந்து படமெடுத்துப் புகழ் பெற்றார்.

அத்ஷே தம் படங்களை விற்றுப் பிழைத்தவர். கார்த்தியே-பிறெசொன் செல்வக் குடியிற் பிறந்தவர். ஆயின் இவ்விரு வகையினுள்ளும் அடங்காத ஒருவரும் இக்கலை வரலாற்றில் உளர். பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியத்தாற் பிழைத்த ஒரு பெண், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தாம் எடுத்தவற்றைப் பெரும்பாலும் எவருக்கும் காட்டாது, தெருவையே படமாக்கி வந்தார். அவரே விவியன் மையர். ஊழியத்துக்கு விற்ற நாளினுள்ளே ஒருவர் தமக்கெனவும் ஒரு பணியை எங்ஙனம் அமைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று. அவர் மறைந்த பின்னர் நிகழ்ந்தவையோ, அப்பணி எவர்க்கு உரியது என்னும் வினாவை எழுப்பின.

பிறப்பும் தொழிலும்

விவியன் மையர் 1926 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1 ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். தாயார் பிரான்சு நாட்டவர். தந்தையார் ஒஸ்திரிய நாட்டவர். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையாற் பிள்ளையின் இளமைக்காலம் அமெரிக்காவிலும், பிரான்சின் தென்கிழக்கே அல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள தாய்வழி ஊரிலுமாக மாறி மாறிக் கழிந்தது. 1930 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, தாயும் மகளும் நியூயோர்க்கில் ஜான் பெர்த்ரான் என்னும் பெண் படப்பிடிப்பாளரோடு ஒரே வீட்டில் வசித்தனர்.

அவர் முதலிற் கையாண்ட கருவி கொடாக் நிறுவனத்தின் பிரௌனி என்னும் எளிய பெட்டிக் கமரா. அதன் மூடிக்கு ஒரேயொரு வேகமே உண்டு. தூரத்துக்கேற்பக் குவியத்தை மாற்றவும் இயலாது. அத்தகைய கருவியைக் கொண்டே 1950 ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சின் மலைநாட்டு மக்களையும் நிலக்காட்சிகளையும் அவர் எடுத்துப் பழகினார். 1951 இல் நியூயோர்க் திரும்பிப் பிள்ளை பார்க்கும் செவிலித்தாயாகப் பணியாற்றத் தொடங்கினார். 1952 இலே றொலிபிளெக்ஸ் என்னும் உயர்ந்த கமரா ஒன்றை வாங்கினார். ஊழியத்தாற் பெறும் வேதனத்திலே அத்தகைய கருவியை வாங்குவதென்பது எளிதான செயலன்று. படமெடுத்தல் அவர்க்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை என்பதை அக்கொள்வனவே காட்டும்.

1956 இல் அவர் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரின் வடபால், மிச்சிக்கன் ஏரிக்கரையோரமாக அமைந்த புறநகர் ஒன்றிலே மூன்று ஆண்பிள்ளைகளையுடைய ஒரு குடும்பத்தில் அமர்ந்து, எழுபதுகளின் தொடக்கம் வரை அவ்வீட்டிலேயே பணிபுரிந்தார். அங்கே அவர்க்கெனத் தனி அறையும் தனிக் குளியலறையும் கிடைத்தன. அக்குளியலறையை அவர் இருட்டறையாக மாற்றிக்கொண்டார். 1959 இலும் 1960 இலும் விடுமுறை பெற்றுப் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இந்தியா, எகிப்து, இத்தாலி முதலிய நாடுகளுக்குத் தனியே பயணஞ் செய்தார். அப்பயணத்திலும் கமரா உடன் சென்றது.

அவருடைய நாள்

செவிலித்தாயின் நாள் அவருடையதன்று, பிள்ளைகளுடையது. அவர்களை எழுப்பல், ஊட்டல், பாடசாலைக்கு அனுப்பல், வெளியே அழைத்துச் சென்று மீண்டும் வீட்டிற் சேர்த்தல் என்றிவ்வாறு பொழுது பங்கிடப்பட்டிருக்கும். இத்தகைய நாளிலே கலைக்கு இடம் எங்கே என்று எவரும் வினவலாம். விவியன் மையர் அவ்விடத்தைத் தம் கடமைக்குப் புறம்பாகத் தேடவில்லை, கடமையினுள்ளேயே கண்டார். பிள்ளைகளை உலாவ அழைத்துச் செல்வது அவர்தம் கடமை. எங்கே அழைத்துச் செல்வதென்பதோ பெரும்பாலும் அவர்தம் விருப்பம். எனவே பூங்காவோடும் கடற்கரை போன்ற ஏரிக்கரையோடும் நின்றுவிடாது, நகரின் நெருக்கமான வீதிகளுக்கும், இறைச்சிக்காக மாடுகள் கொண்டுவந்து அடைக்கப்படும் பட்டிகளுக்குங் கூட அவர்களை அழைத்துச் சென்றார். ஓய்வு நாட்களிற் கமராவோடு தனியே நகருக்குச் சென்றார்.

அகன்ற தொப்பி, நீண்ட மேலங்கி, நெடுந்தூரம் நடப்பதற்கேற்ற உறுதியான சப்பாத்து, கழுத்திலிருந்து மார்புக்குக் கீழே தொங்கும் கமரா என்பனவே அவரை அறிந்தோர் மனத்திற் பதிந்த கோலம். தெருப் படக்கலைக்கு வேண்டிய முதற்கருவி கால் என்பதை இக்கோலம் நினைவூட்டும். காட்சி படம் எடுப்பவரைத் தேடி வருவதில்லை. ஒரே தெருவிற் பலநாள் நடப்பவர்க்கே, காலையில் எம்மூலையிலே வெயில் விழும், எக்கடை வாயிலில் எவர் காத்திருப்பர், எப்பொழுது தொழிலாளர் கலைவர் என்பன தெரியவரும்.

அவர் படங்களிற் காணப்படுவோர் யாவர்? வெயிலிலே கண்ணயர்ந்த தொழிலாளர்; விலையுயர்ந்த மென்மயிர் மேலாடை அணிந்து முகஞ்சுளிக்கும் பெருமாட்டியர்; அழுது கன்னம் நனைந்த சிறுவர்; கைகளைக் கோத்து நிற்கும் காதலர்; தெருவோரத்திற் படுத்திருக்கும் ஏழையர். இவர்களோடு குப்பைத்தொட்டியும், கிழிந்த சுவரொட்டியும், வீசியெறியப்பட்ட செய்தித்தாளும் இடம்பெறும். செல்வர் வீட்டில் வாழ்ந்தும் அவ்வீட்டாருள் ஒருவராகாது, வறியோர் தெருவில் நடந்தும் அத்தெருவாருள் ஒருவராகாது, இரண்டுக்கும் நடுவே நின்றவர் அவர். அந்நிலையிலிருந்து இருசாராரையும் ஒருங்கே காணல் அவர்க்கு இயன்றது.

றொலிபிளெக்ஸ் கருவியின் அமைப்பு

இனி அக்கருவியின் அமைப்பை நோக்குதல் தகும். றொலிபிளெக்ஸ் ஜேர்மனியின் பிறவுண்ஷ்வைக் நகரத்திலே பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவர் நிறுவிய தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது. முதற் கருவி 1929 இல் விற்பனைக்கு வந்தது. நிமிர்த்தி வைத்த சிறு பெட்டி போன்ற அதன் முகத்திலே, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள் அமைந்துள்ளன. மேல்வில்லை காண்பதற்கு, கீழ்வில்லை படமெடுப்பதற்கு. மேல்வில்லையினூடாக வரும் ஒளி, உள்ளே 45 பாகை சாய்த்து வைக்கப்பட்ட ஆடியிற் பட்டு மேல்நோக்கித் தெறித்து, கருவியின் தலைப்பிலுள்ள தேய்த்த கண்ணாடியில் உருவமாக விழும். அக்கண்ணாடியைச் சுற்றி வெளியொளி படாதவாறு ஒரு மடிப்பு மறைப்பு நிற்கும். நுணுகிப் பார்ப்பதற்கு அதனுள்ளே ஓர் உருப்பெருக்கியும் உண்டு.

இடப்பக்கத்துக் குமிழைத் திருப்ப இரு வில்லைகளும் ஒருங்கே முன்பின்னாக நகரும். ஆதலின் மேலே தெளிவாகத் தெரியும் பொருள் கீழே சுருளிலும் தெளிவாகவே பதியும். வலப்பக்கத்துச் சுழற்பிடியைச் சுழற்றினால் அடுத்த படத்துக்கான சுருட்பகுதி வந்து நிற்பதோடு மூடியும் ஆயத்தமாகும். சற்றர் என வழங்கும் அம்மூடி வில்லையினுள்ளேயே அமைந்த மெல்லிய தகடுகளாலானது. வினாடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கு வரை அது விரைந்து திறந்து மூடவல்லது. படமெடுக்கும்போது உள்ளிருக்கும் ஆடி அசைவதில்லை. ஆகையாற் கருவி எழுப்பும் ஒலி மிகச் சிறிது. வீதியின் இரைச்சலில் அருகில் நிற்பவர்க்கும் அது கேட்பதரிது.

சுருள் 120 என்னும் இலக்கத்தால் வழங்குவது. ஒவ்வொரு படமும் பக்கமொன்று ஏறத்தாழ 6 சதமமீற்றருடைய சதுரம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். லைக்காவின் படமோ 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர் அளவினது. சதுரப்படத்தின் பரப்பு அதனினும் மூன்றரை மடங்களவு பெரிதாதலின், பெரிதாக்கும்போது நுண்மை குன்றுவதில்லை. சதுரத்துக்கு நெடுமையும் கிடையும் இல்லாமையாற் கமராவைத் திருப்பிப் பிடிக்கவேண்டிய தேவையும் இல்லை.

கருவி கற்பித்த பார்வை

இவ்வமைப்பு வெறும் பொறிநுட்பச் செய்தியன்று. அதனைக் கையாள்பவரின் நிலையையும் பார்வையையும் அது மாற்றிவிடுகின்றது. கண்ணருகே பிடிக்கும் கமரா துப்பாக்கிபோல எதிரிலிருப்பவரைக் குறிவைக்கும். எடுப்பவரின் முகத்தையும் மறைக்கும். றொலிபிளெக்சை இடுப்பளவிற் பிடித்துத் தலைகுனிந்து பார்க்கவேண்டும். எதிரே நிற்பவர், தம்மை ஒருவர் உற்றுநோக்குகின்றார் என்று உணர்வதற்கு இடமில்லை. ஏதோவொரு பெட்டியைத் திருத்துகின்றார் என்றே கருதுவர். சிலர் உணர்ந்து நேரே நோக்கினாலும், படம் எடுப்பவர் கண்ணைத் தூக்கி அவரைப் பார்க்கும்போது இரு முகங்களுக்கும் நடுவே திரையாக எதுவும் நிற்பதில்லை.

இரண்டாவது, வில்லை இடுப்பளவில் இருத்தலால் வளர்ந்தோரைக் கீழிருந்து நோக்கும். சிறுவரை அவர்தம் கண்மட்டத்திலேயே நோக்கும். அதனால் விவியன் மையரின் படங்களிலே தெருக்கூட்டுவோரும் முதியோரும் சிறுத்துத் தோன்றாது நிமிர்ந்து நிற்கின்றனர். பிள்ளைகள் மேலிருந்து பார்க்கப்படும் சிற்றுயிர்களாகாது ஒப்பான மாந்தராகக் காணப்படுகின்றனர். அவர்க்கு வாய்த்த இரக்கமும், தொழிலால் வந்த சிறுவர் பழக்கமும் இதற்குக் காரணமாகலாம். கருவியின் உயரமும் அவற்றோடு சேர்ந்த காரணமென்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, ஆடியிற் பட்டு வருதலால் உருவம் நேராக நின்றாலும் இடம் வலமாக மாறியே தெரியும். வலப்பக்கஞ் செல்பவர் கண்ணாடியில் இடப்பக்கஞ் செல்வார். அவரைப் பின்தொடரக் கமராவை எப்பக்கம் திருப்புவதென்று புதிதாகப் பயில்வோர் தடுமாறுவர். நாடோறும் பயின்று கை தானே அறிந்தாலன்றி, நடப்பவரைச் சட்டத்தினுள் நிறுத்தல் இயலாது.

நான்காவது, ஆடி முன்னின்று தம்மைத் தாமே எடுக்கும்போது கமரா முகத்தை மறைப்பதில்லை. கடைக் கண்ணாடிகளிலும், தெருவிற் கிடந்த ஆடிகளிலும், பளபளக்கும் உலோகப் பரப்புக்களிலும் தெரியும் தம் உருவத்தை விவியன் மையர் எண்ணிறந்த முறை எடுத்துள்ளார். பல படங்களில் அவருடைய நிழல் மாத்திரமே தரையில் நீண்டு கிடக்கும். தம்மைப் பற்றிப் பிறர்க்கு அதிகம் பேசாத ஒருவர் தம் உருவை இத்தனைமுறை பதிந்துவைத்தமை சிந்தித்தற்குரியது.

ஒளியும் தூரமும்

தெருவிலே நிகழ்ச்சி காத்து நிற்பதில்லை. ஒளியை அளந்து, தூரத்தைத் திருத்தி, பின்னர்ப் படமெடுப்போமெனின் காட்சி கலைந்துவிடும். ஆதலின் தெருப் படப்பிடிப்பாளர் இரண்டையும் முன்னரே அமைத்துக்கொள்வர். பளிச்சென்ற வெயிலிலே துவார எண்ணை 16 இல் வைத்து, சுருளின் வேகவெண்ணுக்கு இணையான வினாடிப் பங்கை மூடிக்கு அமைத்தல் பழைய விதி. விவியன் மையர் பெரிதும் கையாண்ட கொடாக் ட்றை-எக்ஸ் சுருளுக்கு 1960 ஆம் ஆண்டையொட்டி 400 என்னும் வேகவெண் குறிக்கப்பட்டது. அவ்வாறாயின் வெயிலில் 16 ஆம் எண்ணும், வினாடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கும் ஏறத்தாழப் பொருந்தும். முகில் மூடிய நாளில் அத்துவாரத்தை 8 க்குத் திறந்தாற் போதும்.

தூரமும் அவ்வாறே. 75 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுடைய வில்லையைத் துவாரவெண் 11 இல் நிறுத்திக் குவியத்தை 4 மீற்றருக்கு அமைத்தால், ஏறத்தாழ 3 மீற்றர் முதல் 7 மீற்றர் வரை நிற்பவர் யாவரும் தெளிவாகப் பதிவர். துவாரம் சிறுக்கச் சிறுக்கத் தெளிவின் ஆழம் மிகும் என்பதே இதன் அடிப்படை. இங்ஙனம் அமைத்துவிட்டால் எஞ்சியது சரியான இடத்திற்குச் சென்று நிற்றலும், சரியான கணத்தை அறிதலுமே. கருவி தன் கடமையைச் செய்ய, கண்ணும் மனமும் தெருவிற்கே உரியனவாகின்றன.

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் என்பது மற்றோர் ஒழுக்கத்தைக் கற்பித்தது. ஒரே காட்சியைப் பத்துமுறை எடுத்துப் பின் தெரிந்துகொள்ள வழியில்லை. விவியன் மையரின் பழைய சுருள்களை ஆராய்ந்தோர், பெரும்பாலும் ஒரு காட்சிக்கு ஒரு படமே அவர் எடுத்துள்ளார் என்பதைக் குறித்துள்ளனர். அவர் விட்டுச்சென்ற படங்கள் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டவை எனக் கணிக்கப்படுகின்றது. நாளொன்றுக்கு ஒரு சுருள் வீதம் பன்னிரண்டு படங்கள் எடுப்பவர்க்கு ஓரிலட்சத்தை எட்ட ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் செல்லும். இது வெறும் கணக்கேயாயினும், ஒருநாளும் விடாது தொடர்ந்த பழக்கத்தின் அளவை உணர்த்தப் போதுமானது.

துலக்கப்படாத சுருள்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மூன்று பிள்ளைகளும் வளர்ந்துவிடவே, விவியன் மையர் அவ்வீட்டை விட்டு நீங்கினார். பின்னர்ப் பல குடும்பங்களிற் குறுகிய காலமே பணிபுரிந்தார். அவரோடு இருட்டறையும் இல்லாதொழிந்தது. அக்காலத்தில் அவர் லைக்கா, எக்சாக்ரா, கொன்ராறெக்ஸ் முதலிய சிறுசுருட் கமராக்களையும், எக்ராக்குறோம் என்னும் வண்ணச்சுருளையும் பெரிதும் கையாண்டார். கறுப்பு வெள்ளைச் சுருளைக் குளியலறையிலே துலக்கலாம்; வண்ணச்சுருளுக்கோ பல்வேறு நீர்மங்களும் வெப்பநிலையின் நுண்ணிய கட்டுப்பாடும் வேண்டும். தொழில் நிலையத்திற் கொடுத்தாற் பணஞ் செலவாகும். எனவே எடுத்த சுருள்கள் துலக்கப்படாமலே பெட்டிகளிற் சேர்ந்தன.

சுருளிலுள்ள வெள்ளி உப்பின்மீது ஒளி பட்டவுடன் கண்ணுக்குப் புலனாகாத மறையுருவம் ஒன்று அதிலே தோன்றிவிடும். துலக்கும் நீர்மத்தில் இட்ட பின்னரே அது கரிய வெள்ளியாக மாறிக் கண்ணுக்குத் தெரியும். துலக்காவிடினும் அவ்வுருவம் உடனே அழிவதில்லை. மெல்ல மெல்ல மங்கினும் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். விவியன் மையர் மறைந்தபோது துலக்கப்படாது கிடந்த சுருள்கள் நூற்றுக்கணக்கானவை. தாம் எடுத்த எத்தனையோ படங்களை அவரே காணவில்லை. அவர் கண்டதெல்லாம் தேய்த்த கண்ணாடியிலும் காண்குழலிலும் கணப்பொழுது தோன்றிய உருவமே.

இதனை வறுமையின் விளைவென்று கொள்வதா, விருப்பமின்மையென்று கொள்வதா? வறுமை ஒரு காரணமாதல் வேண்டும். ஆயினும் துலக்கப்பட்டவற்றிலும் மிகச் சிலவே தாளிற் பதிக்கப்பட்டன என்பதை நோக்குமிடத்து, அவர்க்குக் காட்டுவதினும் காண்பதே பெரிதாயிருந்தது எனக் கருத இடமுண்டு.

ஏலமும் புகழும்

முதுமையில் அவர் வருவாயற்ற நிலையை எய்தினார். முன்னர் அவர் வளர்த்த அம்மூன்று சகோதரர்களே அவர்க்கு ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தி ஆதரித்தனர். எனினும் அவர் பொருட்களை வைத்திருந்த களஞ்சிய அறைகளுக்கு வாடகை செலுத்தப்படாமையால், 2007 இலே அவை ஏலத்தில் விற்கப்பட்டன. சிக்காகோவின் ஒரு பகுதியைப் பற்றிய நூலுக்குப் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்த ஜோன் மலூப் என்னும் இளைஞர் ஏறத்தாழ 400 டொலருக்கு ஆயிரக்கணக்கான எதிர்ப்படங்களை வாங்கினார். வேறு சிலரும் வாங்கினர். எடுத்தவர் எவரென்பது அவர்கட்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

2008 ஆம் ஆண்டின் இறுதியில் விவியன் மையர் பனிக்கட்டியில் வழுக்கி வீழ்ந்து தலையில் அடிபட்டார். 2009 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 21 ஆந் திகதி, தம் எண்பத்துமூன்றாம் வயதிற் காலமானார். படச்சுருள் உறையொன்றிலே அவர் பெயரைக் கண்டு தேடிய மலூப் கண்டது அவருடைய மரண அறிவித்தலையே. அவ்வாண்டிலேயே படங்கள் இணையத்தின் வழியாகப் பரவின. 2011 இற் சிக்காகோ பண்பாட்டு நிலையத்திற் கண்காட்சி நிகழ்ந்தது; 2013 இல் அவரைப் பற்றிய ஆவணத் திரைப்படம் வெளிவந்தது; 2021 இற் பரிஸ் நகரத்து லக்சம்பேர்க் அரும்பொருட்சாலை அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தது. வாழ்நாளில் ஒரு கண்காட்சியையும் நடத்தாதவர், மறைந்து சில ஆண்டுகளுள் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த தெருப் படக்கலைஞருள் ஒருவராக எண்ணப்பட்டார்.

இரு வினாக்கள்

இவ்வரலாறு இரண்டு வினாக்களை எழுப்புகின்றது. தெருவிற் செல்பவரின் முகத்தை அவருடைய இசைவின்றி எடுத்தல் முறையா என்பது முதலாவது. நாடுகளின் சட்டம் இதில் வேறுபடுகின்றது. 1898 இல் ஜேர்மனியின் பெருந்தலைவர் பிஸ்மார்க் மரணப்படுக்கையிற் கிடந்த உருவத்தை இருவர் மறைவிற் புகுந்து படமாக்கினர். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பின்னர், 1907 இல், தம் உருவத்தின்மீது தமக்குள்ள உரிமையைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. அமெரிக்காவிலோ பொதுவிடத்திற் காணத்தக்கதைப் படமெடுத்தல் பொதுவாகத் தடுக்கப்படுவதில்லை. சட்டம் இடந்தந்த விடத்தும் அறம் வினவாது விடாது. தெருவிலே உறங்கும் ஏழைக்கு மறைந்துகொள்ள ஒரு கதவில்லை என்பதை எடுப்பவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். விவியன் மையரின் படங்களுள்ளும் சில அவ்வெல்லையிலேயே நிற்கின்றன.

இரண்டாவது வினா அவரைப் பற்றியது. தெருவிற் செல்வோரின் இசைவின்றி அவர் படமெடுத்தார்; அவருடைய இசைவின்றி உலகம் அவர் பெட்டிகளைத் திறந்தது. அமெரிக்கச் சட்டத்தின்படி எதிர்ப்படத்தை விலைக்கு வாங்கியவர் அப்பொருளுக்கே உடையவராவர். அதிலிருந்து படிகள் ஆக்கி வெளியிடும் பதிப்புரிமை எடுத்தவர்க்கும் அவர் வழித்தோன்றலுக்கும் உரியது. வெளியிடப்படாத ஆக்கத்துக்கு அவ்வுரிமை, ஆக்கியோர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை, அதாவது இங்கு 2079 ஆம் ஆண்டின் இறுதி வரை, நீடிக்கும். அவர் மணஞ் செய்யாதவர், மக்கள் இல்லாதவர். ஆதலின் 2014 இல் அவ்வுரிமை எவர்க்குரியது என்னும் வழக்கு எழுந்து, அவர்தம் உடைமைகளின் பாதுகாப்பைச் சிக்காகோ அடங்கிய குக் கவுண்டியின் பொதுநிருவாகி ஏற்கவேண்டியதாயிற்று.

திறவாதிருந்தால் ஓரிலட்சம் முகங்கள் குப்பையோடு குப்பையாக அழிந்திருக்கும். திறந்தமையால், தம் அறையைப் பூட்டியே வைத்திருந்த ஒருவரின் மறைவு கலைந்தது. இவ்விரண்டில் ஒன்றை முற்றாகச் சரியென்றும் மற்றதை முற்றாகப் பிழையென்றும் தீர்ப்பளித்தல் அரிது. அப்படங்களைக் காண்போர் பெறும் பயன் பெரிது. ஆயின் அது கேட்டுப் பெற்ற பயனன்று என்ற நினைவோடு காண்பதே அவர்க்குச் செய்யும் மரியாதை.

இக்காலத்திற் கமரா ஒவ்வொருவர் கையிலும் உளது. பன்னிரண்டு என்ற எல்லையும், சுருளின் செலவும், துலக்கும் உழைப்பும் நீங்கிவிட்டன. எடுத்த கணத்திலேயே உலகுக்குக் காட்டவும் இயலும். கருவி எளிதாயிற்று; ஆயினும் கால்கள் நடக்கவேண்டிய தூரமும், கண் பழகவேண்டிய காலமும் குறையவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குச் சென்ற அச்செவிலித்தாயிடம் இருந்தது, பிறர் தந்த ஊழியத்தின் இடைவெளிகளும், ஒரு பெட்டியும், தலைகுனிந்து உற்றுப் பார்க்கும் பழக்கமுமே.

அவர் மறைந்தபின், அவர் வளர்த்த அம்மூவரும் அவருடைய சாம்பலைத் தாம் சிறுவராயிருந்தபோது அவர் அழைத்துச் சென்று காட்டுப்பழம் பறிப்பித்த வனத்திலே தூவினர். உலகம் அவரைக் கலைஞராக அறியுமுன்னரே, அவரோடு தெருவில் நடந்த பிள்ளைகள் அவரை அறிந்திருந்தனர்.